சாளொற் லூக்கஸின் சம்மதம்

ஆங்கில நாவலாசிரியருள் ஜேன் ஒஸ்ரின் அம்மையாரைப்போலச் சிறியதோர் உலகினைத் தமக்கென வரைந்துகொண்டு அதனுள்ளேயே நின்றவர் மிகச் சிலர். அம்மையார் வாழ்ந்தது 1775 முதல் 1817 வரை. பிரெஞ்சுப் புரட்சி மூண்டதும், நெப்போலியனின் படைகள் ஐரோப்பாக் கண்டத்தைக் கலக்கியதும் அக்காலத்தனவே. ஆயினும் அவருடைய நாவல்களிற் போர்க்களம் இல்லை, அரசவை இல்லை. படைவீரர் வந்தாலும் நடனமாடவே வருகின்றனர். நாட்டுப்புற ஊரொன்று, அவ்வூரிற் சில குடும்பங்கள், அக்குடும்பங்களிடையே விருந்தும் நடனமும் உலாவலும் கடிதப் போக்குவரத்தும், ஈற்றில் இரண்டு மூன்று திருமணங்கள்; அவர் எடுத்தாண்ட பொருள் இவ்வளவே. இத்துணைக் குறுகிய களத்திலே பெரியதென்று சொல்லத்தக்க எதுவும் நிகழ்தல் கூடுமோ என ஐயுறுவோர் அன்றும் இருந்தனர். 1848ஆம் ஆண்டிலே சாளொற் பிறொன்ரி அம்மையார் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்தில், ஒஸ்ரினின் நாவல் செவ்வனே பேணப்பட்ட தோட்டத்தை ஒத்ததென்றும், திறந்த வெளியின் காற்று அங்கு வீசவில்லையென்றும் பொருள்படக் குறை கூறினார்.

அவர் குறை கூறிய நாவல் ‘பிறைட் அன்ட் பிறெஜூடிஸ்’. ‘செருக்கும் தப்பெண்ணமும்’ எனத் தமிழில் அதனைச் சுட்டலாம். 1796ஆம் ஆண்டில், இருபது வயது நிரம்பியிருந்த காலத்தில், ஆசிரியை இதன் முதல் வடிவத்தை எழுதத் தொடங்கி அடுத்த ஆண்டில் முடித்தார். தந்தையார் இலண்டன் பிரசுரகர்த்தா ஒருவருக்கு எழுதி வினவியபோது கைப்பிரதியைப் பாராமலே அவர் மறுத்துவிட்டார். பின்னர் திருத்தியமைக்கப்பெற்று, 1813ஆம் ஆண்டு சனவரி 28ஆந் திகதி மூன்று தொகுதிகளாக நூல் வெளிவந்தது. முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. முந்திய நாவலை இயற்றியவரால் இயற்றப்பட்டது என்ற குறிப்பு மாத்திரமே இருந்தது. நூலின் முழு உரிமைக்கும் ஆசிரியைக்குக் கிடைத்த தொகை 110 பவுண்.

இந்நாவலைப் படித்தோர் நினைவில் நிலைத்து நிற்போர் எலிசபெத் பென்னற்றும் டாசியுமே. செல்வச் செருக்குடையவன் எனத் தோன்றும் ஆடவனும், தன் அறிவுக்கூர்மையில் நம்பிக்கை மிகவுடைய பெண்ணும் ஒருவரையொருவர் பிழைபட உணர்ந்து, பின் தெளிந்து, மணம்புரியும் கதை அது. ஆனால் அக்கதையின் அருகே, ஏறக்குறைய இரண்டு அதிகாரங்களுள் முடிந்துவிடும் இன்னொரு திருமணம் நடைபெறுகிறது. எலிசபெத் மறுத்த ஆடவரை அவளுடைய உற்ற தோழி சாளொற் லூக்கஸ் ஏற்றுக்கொள்கிறாள். வகுப்பறையில் இதனைப் படிக்கும் மாணவர் பெரும்பாலும் எலிசபெத்தின் பக்கமே சார்வர். காதலின்றி, மதிப்புமின்றி, வீட்டுக்காக ஒருவரை மணத்தல் இழிவென்பது அவர் முடிபு. நாவலாசிரியையின் முடிபும் அதுதானா என்பது ஆராயத்தக்கது.

இதனை ஆராயுமுன் அக்காலச் சட்டத்தையும் சில எண்களையும் அறிதல் வேண்டும். ஒஸ்ரின் அம்மையாரின் நாவல்களில் வரும் ஆடவர் பலருக்கு முகத்தோற்றம் தெளிவாக எழுதப்படவில்லை. வருமானம் மாத்திரம் ஒரு சல்லியும் பிசகாது எழுதப்பட்டுள்ளது. டாசிக்கு ஆண்டுக்கு 10,000 பவுண். அவன் நண்பன் பிங்லிக்கு நாலாயிரமோ ஐயாயிரமோ. எலிசபெத்தின் தந்தையார் திரு. பென்னற்றுக்கு ஹாட்போட்ஷயரிலுள்ள லோங்போண் ஆதனத்திலிருந்து 2,000 பவுண் வருகிறது. இது குறைந்த வருவாயன்று. ஆனால் அவ்வாதனம் ‘என்ரெயில்’ எனப்படும் வழியுரிமைக் கட்டுக்கு உட்பட்டது. ஆண்வழியே இறங்குமாறு முன்னோர் உறுதி முடித்துவைத்தனர். ஆகவே திரு. பென்னற் அந்நிலத்தின் பயனைத் தம் ஆயுள் உள்ளளவும் நுகரலாமேயன்றி, அதனை விற்றலோ புதல்வியர்க்குப் பகிர்ந்தளித்தலோ இயலாது. அவருக்கு மகன் ஒருவன் பிறந்து 21 வயது நிரம்பினால், தந்தையும் மகனும் ஒருங்குகூடி அக்கட்டினை அறுத்தற்குச் சட்டத்தில் வழி இருந்தது. அவ்வாறு மகன் பிறப்பான் என்ற நம்பிக்கையிலேதான் அவர் வருமானம் முழுவதையும் செலவிட்டு வந்தார். பிறந்தவர் ஐவரும் பெண்கள். அவர் கண்மூடும் அன்று நிலமும் வீடும் தூரத்து உறவினரான கொலின்ஸ் என்னும் குருவானவரைச் சேரும்.

அதன்பின் மனைவிக்கும் மக்களுக்கும் எஞ்சுவது திருமண உறுதியில் எழுதப்பட்ட 5,000 பவுண் முதல் மாத்திரமே. நூற்றுக்கு நாலு வட்டியாகக் கணக்கிடின் ஆண்டுக்கு 200 பவுண். ஆறு பெண்கள் அதிற் சீவிக்கவேண்டும்; முன்னைய வருவாயின் பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு புதல்விக்கும் ஈற்றில் வரக்கூடிய சீதனம் 1,000 பவுண். அதன் வட்டி 40 பவுண். பல்கலைக்கழகமும் நீதிமன்றமும் கடற்படையும் திருச்சபைப் பதவியும் பெண்களுக்கு மூடிய கதவுகள். நற்குடிப் பெண் ஒருத்தி தன் நிலையிலிருந்து பெரிதும் இழியாமற் பொருளீட்டத்தக்க தொழில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாய் அமர்தல் ஒன்றே. அதன் துன்பத்தை 1815ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘எமா’ என்னும் நாவலில் ஜேன் பெயர்பாக்ஸ் என்னும் பாத்திரத்தின் வாயிலாக ஆசிரியை உணர்த்துகிறார். மணம்புரிந்தாலோ, தனியே உறுதிமுடித்துக் காக்கப்படாத பெண்ணின் பணமும் பொருளும் கணவனுடையனவாகிவிடும். 1870, 1882ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை அந்நிலை மாறவில்லை. காதல் எனப் பாடப்படும் பொருளுக்கு அடியில் இக்கணக்குக் கிடக்கிறது. ஆங்கிலக் கவிஞர் ஓடன் 1937இல் வெளிவந்த தம் நீண்ட கவிதைக் கடிதமொன்றில், சமூகத்தின் பொருளாதார அடித்தளத்தை இம்மணமாகாத அம்மையார் இத்துணை அமைதியாக வெளிப்படுத்துவது தம்மைத் திடுக்கிடச் செய்வதாக நகைபடக் குறிப்பிட்டார். அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று.

இக்கணக்கை ஆசிரியை நேரே எடுத்துரைத்திருப்பின் நூல் ஒரு முறைப்பாடாக முடிந்திருக்கும். அவர் கைக்கொண்ட கருவி ‘ஐரணி’. அச்சொல்லை அங்கதம், எள்ளல், முரண்நகை எனப் பலவாறு மொழிபெயர்ப்பர். எதுவும் முற்றப் பொருந்துவதில்லை. ஆயினும் கருத்துத் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் எனவும் கரந்தது எனவும் இருவகைப்படுத்தினார். வெளிப்படையாய் வைவது முன்னையது. பழியை உள்ளே ஒளித்து வேறொன்று கூறுவது பின்னையது. தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவையார், அவன் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று அழகுற விளங்குவதையும், அதியமானின் படைக்கலங்கள் போரில் முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பாடிய புறநானூற்றுச் செய்யுள் கரந்த அங்கதத்துக்குத் தக்க சான்று. புகழ்ச்சி போல் வந்து இகழ்ச்சியாய் முடிகிறது அது.

ஒஸ்ரினின் நாவல் தொடங்குவதும் அவ்வாறே. முதல் வாக்கியம் மெய்யியலாளர் ஒருவர் எல்லாருக்கும் உடன்பாடான பேருண்மையொன்றை நிறுவப்போகும் தோரணையில் எழுந்து, செல்வமுள்ள மணமாகாத ஆடவருக்கு மனைவி இன்றியமையாதவள் என்னும் அயல்வீட்டுத் தாய்மாரின் ஆசையிலே வந்து விழுகிறது. அதனைத் தலைகீழாகத் திருப்பினால் உண்மை புலப்படும்: செல்வமில்லாத பெண்களுக்கே செல்வமுள்ள ஆடவர் இன்றியமையாதவர். அதனைச் சொல்லுதல் நாணத்துக்குரியது. ஆதலால் ஊரார் மாற்றிச் சொல்லுகின்றனர், ஆசிரியையும் அவர்கள் குரலிலேயே சொல்லுகிறார். இம்முறை நூல் முழுதும் தொடர்கிறது. வாக்கியம் ஆசிரியையுடையது, அதனுள் இருக்கும் எண்ணம் பாத்திரத்தினுடையது. மேற்கோட்குறி இன்மையால், எது எவருடையது எனப் பகுத்துணரும் பொறுப்பு வாசகர்மேற் சார்த்தப்படுகிறது. கவனம் தவறிய வாசகர் பாத்திரத்தின் தப்பெண்ணத்தைத் தம்முடையதாகவே கொண்டு நெடுந்தூரம் சென்றுவிடுவர். விக்கம் என்னும் அழகிய இளம் படைவீரன் டாசியைப்பற்றிக் கூறும் பழியை எலிசபெத் நம்பும்போது முதன்முறை படிப்போரும் உடன் நம்பிவிடுவதற்குக் காரணம் இதுவே.

நகை தோன்றும் நிலைக்களம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பர் தொல்காப்பியர். இந்நாவலில் நான்குக்கும் ஆள் உண்டு. அவருட் கொலின்ஸ் ஒருவரே பின்னைய இரண்டையும் நிரப்பப் போதியவர். இருபத்தைந்து வயதினர், கென்ற் மாகாணத்து ஹன்ஸ்போட் என்னும் ஊரிற் குருமனை உடையவர், தமக்கு அப்பதவியை அளித்த கதரின் டி பேர்க் சீமாட்டியின் பெயரை உச்சரியாது ஒரு வேளை உணவும் உண்ணமாட்டாதவர். லோங்போண் ஆதனம் தம்மை வந்தடைய இருப்பதால், அவ்வீட்டுப் பெண்ணொருத்தியை மணத்தல் நீதியென அவர் கருதுகிறார். எலிசபெத்தின் முன்னே தம் திருமணத்துக்குரிய காரணங்களை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என எண்ணிட்டு உரைக்கிறார். சீமாட்டியின் அறிவுரை அவற்றுள் ஒன்று. அவள் மறுக்க, அதனை நாணத்தின் விளைவெனக் கொள்கிறார். மேலும், அவளுடைய சீதனம் சிறிதாகையால் இன்னொருவர் அவளை மணம் பேச வருதல் உறுதியில்லை எனவும் நினைவூட்டுகிறார்.

படிப்போர் இவ்விடத்தில் நகைப்பர். ஆனால் கொலின்ஸ் கூறிய ஈற்றுச் செய்தி முற்றிலும் உண்மை. இந்நூலிற் கசப்பான உண்மைகளைக் கூறும் பொறுப்பு மூடரிடமே பெரும்பாலும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. திருமதி பென்னற்றும் அத்தகையரே. அவருடைய நரம்புத் தளர்ச்சியும் உரத்த பேச்சும் எவரையும் சலிப்படையச் செய்யும். எனினும் கணவர் இறந்த மறுநாள் எங்கே போவது என்று அவ்வீட்டிற் கவலைப்படுபவர் அவர் ஒருவரே. கேலிக்குரியவரின் கவலை கேலிக்குரியதன்று என்பதை ஆசிரியை எங்கும் எடுத்துரைக்கவில்லை. எண்களை மாத்திரம் முன்வைத்துவிட்டு நகர்கிறார்.

எலிசபெத் மறுத்ததன்பின் மூன்று நாளுள்ளே கொலின்ஸ் சாளொற்றிடம் மணம் பேசிவிடுகிறார். சாளொற்றுக்கு வயது இருபத்தேழு. அழகியெனச் சொல்லத்தக்கவளல்லள், சீதனமும் சொற்பம். தந்தையார் சேர் வில்லியம் லூக்கஸ் மெறிற்றன் பட்டினத்தில் வணிகம் செய்து பொருள் சேர்த்து, அரசருக்கு வரவேற்புரை வாசித்ததன் பயனாகப் பட்டம் பெற்றவர். பட்டம் கிடைத்ததும் கடைத்தொழில் மேல் வெறுப்புத் தோன்ற, அதனை விட்டொழித்து மரியாதையே தொழிலாக இருக்கிறார். மரியாதையிலிருந்து சீதனம் வருவதில்லை. இந்நிலையிலுள்ள பெண், கொலின்ஸ் தன் வீட்டை நோக்கி வருவதை மேன்மாடிச் சாளரத்தினூடே கண்டு, தற்செயலாகச் சந்திப்பவள்போல இறங்கி ஒழுங்கைக்குச் செல்கிறாள். அச்சிறு நடையில் எத்துணைத் தீர்மானம் இருக்கிறது! அவருடைய அறிவின்மையை அவள் அறிவாள். அவர் அன்பு கற்பனையென்பதையும் அறிவாள். திருமண இன்பம் தற்செயலாய் வாய்ப்பதே என முன்னரே எலிசபெத்திடம் அவள் கூறியதுண்டு. எலிசபெத் அதனை வேடிக்கையெனக் கொண்டு நகைத்தாள். அவ்வாறு சாளொற் ஒருநாளும் நடக்கமாட்டாள் என நம்பினாள்.

சம்மதம் கிடைத்ததும் லூக்கஸ் இல்லத்தில் எழும் மகிழ்ச்சியை ஆசிரியை சில வரிகளிற் காட்டுகிறார். தாயார் லூக்கஸ் சீமாட்டி, திரு. பென்னற் இன்னும் எத்தனை ஆண்டு உயிர்வாழக்கூடும் எனக் கணக்கிடத் தொடங்குகிறார். தங்கைமார், தாங்கள் ஓரிரண்டு ஆண்டு முன்னதாகவே சபையேறலாம் என மகிழ்கின்றனர். தம்பிமாருக்கு, அக்கா கன்னியாகவே முதிர்ந்து தம் தலையிற் பொறுப்பாய் விடுவாளோ என்ற அச்சம் நீங்குகிறது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இலாபம். சாளொற்றின் இன்பத்தைப்பற்றி அவருள் எவரும் வினவியதாகச் செய்தி இல்லை. ஆசிரியையின் நகை இங்கே மிகக் கூர்மையானது. ஆனால் அது சாளொற்றைத் தீண்டவில்லை. அவளைச் சூழ்ந்து நிற்போரையே தீண்டுகிறது. டி. டபிள்யூ. ஹாடிங் என்னும் திறனாய்வாளர் 1940இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒஸ்ரினின் நகை இனிய பொழுதுபோக்கன்று, தாம் வாழவேண்டியிருந்த சமூகத்தின்மேல் அவர் கொண்ட வெறுப்பை அடக்கி ஆளும் வழி அது என வாதித்தார். நூல் முழுவதற்கும் அக்கருத்துப் பொருந்துமோ என்பது ஐயம், இப்பக்கத்துக்குப் பொருந்தும்.

தோழியின் செய்தியைக் கேட்ட எலிசபெத் வாய்விட்டுத் திகைக்கிறாள். அவளுக்கு இருந்த மதிப்பு அத்துடன் வீழ்கிறது. இனி இருவரிடையே முன்னைய நம்பிக்கை இராது என எண்ணுகிறாள். வாசகரும் உடன்படுவர். ஆனால் சில வாரங்களில் வேறொன்று நிகழ்கிறது. எலிசபெத்தின் மனங்கவர்ந்திருந்த விக்கம், திடீரென 10,000 பவுண் முதுசமாகப் பெற்ற மிஸ் கிங் என்னும் பெண்ணின்பால் தன் கவனத்தைத் திருப்புகிறான். சாளொற் வீட்டுக்காகச் செய்ததை அவன் பணத்துக்காகச் செய்கிறான். எலிசபெத் அவன்மேற் குறைகாணவில்லை. அழகிய இளைஞரும் சீவிக்கத்தானே வேண்டும் என்று அமைதி கொள்கிறாள். அவளுடைய மாமி, கார்டினரின் மனைவியார், இம்முரண்பாட்டை மெல்லச் சுட்டும்போது, முன்யோசனைக்கும் பணவாசைக்கும் எல்லை எங்கே என்று வினவி எலிசபெத் பேச்சைத் திருப்பிவிடுகிறாள். விவேகம் முடிந்து பேராசை தொடங்கும் இடம் எது என்னும் அவ்வினாவுக்கு அங்கு விடை கிடைக்கவில்லை. நாவலிலும் நேரான விடை இல்லை. ஆனால் ஆடவன் செய்தால் விவேகம், பெண் செய்தால் இழிவு என்று அளக்கும் கோல் அவள் கையிலும் இருந்தது என்பது வெளிப்பட்டுவிடுகிறது. பிறரைப் பார்த்து நகைக்கும் கூரிய கண்ணுடையாளையே ஆசிரியையின் நகை இவ்வாறு வந்து பிடிக்கிறது.

ஹன்ஸ்போட் குருமனைக்கு எலிசபெத் விருந்தினளாகச் செல்லும் அதிகாரங்கள் நூலில் மிக நுட்பமானவை. சாளொற்றின் வாழ்க்கை எவ்வாறு இருக்கிறது என்பதை அவள் வாயாற் கூறவில்லை, அறைகள் கூறுகின்றன. முன்புறத்து அறை நல்ல வெளிச்சமும் காட்சியும் உடையது. அதனை விட்டுப் பின்புறத்து அறையைச் சாளொற் தனக்கெனத் தெரிந்துள்ளமை எலிசபெத்துக்கு முதலில் விளங்கவில்லை. பின்னர் விளங்குகிறது: முன்னறை இனியதாயின் கொலின்ஸ் அடிக்கடி அங்கு வந்து அமர்ந்துவிடுவார். தோட்டவேலை உடலுக்கு நன்றென அவரை அவள் ஊக்குவிப்பதும் அக்காரணம் பற்றியே. நாணத்தக்க பேச்சை அவர் பேசும்போது ஓரிரு முறை அவள் முகம் சிறிது சிவக்கிறது. மற்றைய வேளைகளில் அவள் காதில் எதுவும் விழுவதில்லை. தன் வீடு, தன் கோழிகள், தன் ஊர்ப்பணி ஆகியவற்றில் அவளுக்கு உண்மையான நிறைவும் இருக்கிறது. இது துன்பக் கதையுமன்று, இன்பக் கதையுமன்று. ஒரு நல்ல அறையை விலையாகக் கொடுத்து நாளின் பெரும்பகுதியை அவள் வாங்கியிருக்கிறாள்.

திரு. பென்னற்றை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். நூலில் மிக நகைச்சுவையாகப் பேசுபவர் அவர். வாசகரின் அன்பை எளிதிற் கவர்பவர். இளமையும் அழகும் கண்டு மணந்த மனைவியிடம் மதிப்பை இழந்தபின், நூலகத்துள் புகுந்து கதவடைத்துக்கொண்டு, அவளைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே கேலிசெய்து காலங்கழிக்கிறார். சாளொற் பின்னறைக்குப் போனதுபோல இவர் நூலகத்துக்குப் போனார். வேற்றுமை ஒன்றே: சாளொற் தன் ஒதுக்கத்துக்குத் தானே விலை கொடுத்தாள், இவருடைய ஒதுக்கத்துக்கு விலை கொடுக்கவேண்டியவர் மனைவியும் ஐந்து புதல்வியருமே. அவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவார் எவருமிலர். ஆதலால் அவர் நகைக்கலாம். பதினாறு வயது நிரம்பாத இளைய மகள் லிடியாவைப் படைப்பிரிவு தங்கியிருந்த பிறைற்றன் கரைக்கு அனுப்பவேண்டாம் என எலிசபெத் மன்றாடியபோதும் அவர் வேடிக்கையாகவே விடையளித்தார். லிடியா விக்கமுடன் ஓடிப்போனாள்.

அவ்வோட்டத்தின் முடிவில் திருமணம் என்பதன் விலைப்பட்டியல் மிகத் தெளிவாக வாசிக்கப்படுகிறது. விக்கமின் கடனைத் தீர்க்க ஆயிரம் பவுணுக்கு மேல். லிடியாவின் பெயரில் இன்னும் ஆயிரம். படையில் அவனுக்கு ஒரு பதவி. கொடுத்தவன் டாசி, எவருக்கும் தெரியாமல். மணம் நிறைவேறியதும் திருமதி பென்னற் ஊர் முழுவதும் சென்று மகளின் பெருமையைக் கூற ஆயத்தமாகிறார். பணத்துக்காகக் கணவனை ஏற்ற சாளொற்றை இகழ்ந்த வீட்டுக்கு, பணங்கொடுத்துக் கணவனை வாங்கவேண்டி வந்தது.

குலமதிப்பைப்பற்றிய நகையும் இவ்வாறே வருமானத்தைச் சுற்றிச் சுழல்கிறது. பிங்லியின் சகோதரிமார், எலிசபெத்தின் தாய்மாமன் கார்டினர் இலண்டன் வணிகத்தெருவொன்றில், தம் பண்டகசாலைகள் கண்ணுக்குத் தெரியுமிடத்தில் வாழ்வதாகக் கூறிச் சிரிக்கின்றனர். தங்கள் சீதனமான இருபதினாயிரம் பவுணும் வடநாட்டு வணிகத்தில் வந்ததென்பது அவர்களுக்கு மறந்துபோயிற்று. பின்னர் பெம்பர்லி மாளிகையின் தோட்டத்தில் அக்கார்டினரையும் மனைவியையும் டாசி காணும்போது, அவர்களை உயர்குலத்தார் என்றே கருதிவிடுகிறான். எவரென்று அறிந்த பின்னும் அவன் முகம் திரும்பவில்லை. தன் ஆற்றில் மீன்பிடிக்க வருமாறு கார்டினரை அழைக்கிறான். பிரபுகுலத்துக் கதரின் சீமாட்டியோ விருந்தினர் முன்னிலையில் வயதையும் வளர்ப்பையும் குறுக்கு விசாரணை செய்கிறார். நாகரிகம் பண்டகசாலையருகே இருந்தது, மாளிகையில் இல்லை. இது சமூகத்தைக் கவிழ்க்கும் கருத்தன்று. ஒஸ்ரின் அம்மையார் மாளிகையை இடிக்கவில்லை. அதனுள் யாரை அமர்த்துவது என்பதையே ஆராய்ந்தார்.

எலிசபெத் அம்மாளிகையில் அமர்கிறாள். டாசியை எப்போது நேசிக்கத் தொடங்கினாய் எனத் தமக்கை வினவ, பெம்பர்லித் தோட்டத்தைக் கண்ட நாள்முதல் என அவள் விளையாட்டாக விடையிறுக்கிறாள். விளையாட்டுத்தான், ஆயினும் அத்தோட்டத்தினூடே சென்றபோது, இங்கே தலைவியாக இருந்திருக்கலாமே என்ற எண்ணம் அவளுக்கு உண்மையாகவே தோன்றியதை வாசகர் முன்னரே அறிவர். அன்பும் பத்தாயிரம் பவுணும் ஒரே இடத்தில் வாய்த்தமை அவள் பேறு. அப்பேறு வாய்த்தவாற்றை நுணுகி நோக்கின் வியப்பான செய்தியொன்று புலனாகும். டாசியை அவள் மீண்டும் சந்தித்தது ஹன்ஸ்போட்டில். அவன் முதன்முறை மணம் பேசியது சாளொற்றின் குருமனையில். சாளொற் கொலின்ஸை மணவாதிருப்பின் எலிசபெத் அவ்வூருக்கு வந்திருக்கமாட்டாள். இன்னும் உண்டு. டாசி எலிசபெத்தை மணக்கப்போவதாக எழுந்த வதந்தி, லூக்கஸ் குடும்பத்தாரிடமிருந்து கொலின்ஸ் இல்லத்துக்கும், அங்கிருந்து சீமாட்டியின் செவிக்கும் எட்டியது. அவர் சினந்து லோங்போணுக்கு ஓடிவந்ததும், எலிசபெத் எதனையும் வாக்களிக்க மறுத்ததும், அதனைச் சீமாட்டி வாயிலாகவே கேள்வியுற்ற டாசிக்கு நம்பிக்கை துளிர்த்ததும் அதன் வழிவந்தனவே. எலிசபெத் இகழ்ந்த திருமணம் இருமுறை அவள் திருமணத்துக்குப் பாலமாயிற்று. டாசியின் மனம் அவள்பாற் சாய்ந்திருப்பதை முதன்முதல் ஐயுற்றவளும் சாளொற்றே.

ஆசிரியையின் வாழ்க்கையிலும் இவ்வினா ஒருமுறை நேர்நின்றது. 1802ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், ஹம்ஷயரில் மனிடவுண் மாளிகையின் வாரிசான ஹரிஸ் பிக்-விதர் அவரை மணம் பேசினார். ஜேனுக்கு இருபத்தேழு வயது நிரம்ப ஓரிரு வாரமே இருந்தன, சாளொற்றின் வயது. அன்று மாலை அவர் சம்மதித்தார். மறுநாட் காலை தம் சொல்லைத் திரும்பப் பெற்று அவ்வில்லத்தைவிட்டு நீங்கினார். 1805இல் தந்தையார் இறக்க, தாயும் தமக்கை கசண்ட்ராவும் அவரும் சகோதரர் உதவியில் இடம்விட்டு இடம்மாறி வாழவேண்டியதாயிற்று. செல்வக் குடும்பமொன்றுக்குச் சுவீகாரம் சென்றிருந்த சகோதரர் எட்வேட் 1809இல் சோற்றன் என்னும் ஊரில் வீடொன்றை அளித்தபின்னரே அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. அவ்வீட்டிலிருந்தே இந்நாவலைத் திருத்தி முடித்தார். சகோதரர் புதல்வி பனிக்கு எழுதிய கடிதங்களுள், அன்பின்றி மணத்தலினும் வேறெதனையும் தாங்கலாம் என ஒன்றில் அறிவுரை கூறியவர், மணமாகாத பெண்கள் வறியராதல் இயல்பாயிருப்பதால் திருமணத்துக்கு வலிய காரணம் உண்டென இன்னொன்றிற் குறிப்பிட்டார். எலிசபெத்தின் மறுப்பும் சாளொற்றின் சம்மதமும் ஒரே கையிலிருந்து வந்தவை.

அறுபத்தொன்றாம் அதிகாரத்துடன் நூல் முடிகிறது. அதில் பென்னற் தம்பதிகள், பிங்லி, ஜேன், கிற்றி, மேரி, லிடியா, விக்கம், கதரின் சீமாட்டி, கார்டினர் தம்பதிகள் ஆகிய எல்லாருக்கும் பின்னர் நேர்ந்தவை கூறப்பட்டுள்ளன. சாளொற்றின் பெயர் இல்லை. அதற்குச் சற்று முன்னர், அவள் கருவுற்றிருக்கும் செய்தி கொலின்ஸின் கடிதம் வாயிலாகக் கிடைக்கிறது. சீமாட்டியின் சினம் தணியும்வரை தந்தையார் வீட்டில் வந்து தங்கி, எலிசபெத்தின் மகிழ்ச்சியிலும் அவள் பங்குகொள்கிறாள். பின் ஹன்ஸ்போட்டுக்குத் திரும்பியிருப்பாள். திரு. பென்னற் இறக்கும் நாளில் லோங்போண் வீட்டின் திறப்பு அவள் கைக்கே வரும்.